ஏலக்காய்ப் பச்சை

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுநாள் காலையிலேயே போன் வந்துவிடும். "ஏன்டி, என் பேரை எழுதி ஊரெல்லாம் நாறடிச்சிட்டியாமே" என்று அவள் ஆரம்பித்தால், நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் என் அடுப்பில் சோறு குழைந்துவிடும். போடியில் எங்கள் தெருப்பக்கம் எல்லோருக்கும் அவள் சாயக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சாயக்காவிடம் ஒரு நிறத்தின் பெயரைச் சும்மா சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. ஒருமுறை தெரியாத்தனமாக, "அக்கா, நேத்து கடையில ஒரு நீலச் சேலை பார்த்தேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

"என்ன நீலம்?"

"நீலம்தாங்க்கா."

"அதான் என்ன நீலங்கிறேன். மழை வர்றதுக்கு முந்தி மலை தெரியுமே, அந்த நீலமா? சொட்டு நீலத்தை வாளியில விட்டவுடனே ஒண்ணு வருமே, அதா? இல்ல, கலக்குன பெறகு வர்றதா?"

"பேரைச் சொல்லாத. காட்டு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டாள். உச்சி வெயிலில் கடைக்காரர் கையிலிருந்த சேலையைத் தெருவுக்குத் தூக்கி வந்தாள், இப்படியும் அப்படியும் திருப்பினாள், "இது நீலமே இல்ல, கத்திரிக்கா" என்று தீர்ப்புச் சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினாள். கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைப்பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. கடை என்றால் ஓர் அறை, ஒரு மிஷின், நான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் வீடு. எனக்கு அவளைவிட நான்கு வயது குறைவு. வாய் அவளுக்குச் சமம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சுவர் எத்தனையோ சண்டை கேட்டிருக்கிறது.

அவள் முதலில் இருந்தது ஏலக்காய் தரம் பிரிக்கிற மேசையில். எட்டு வருஷம். மலையிலிருந்து காய்ந்து வருகிற காயை மேசையில் கொட்டுவார்கள். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பெண்கள் பிரித்துத் தள்ளுவார்கள். கை அது பாட்டுக்கு ஓடும், வாய் ஊர்க்கதை பேசும். மூன்று குவியல் போடச் சொன்ன இடத்தில் சாயக்கா முதல் நாளே ஏழு குவியல் போட்டாளாம். மேற்பார்வை பார்க்கிற கணக்கப்பிள்ளை வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாராம்.

"என்னம்மா இது, பல்லாங்குழியா ஆடுற?"

"ஏழு பச்சை இருக்குண்ணே. அதுக்கு நான் என்ன செய்ய?"

"எனக்கு மூணுதான் தெரியுது."

"கண்ணாடி போடுங்கண்ணே."

வேறு யாராவது இருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார். ஆனால் இவள் பிரித்துத் தந்த பச்சைக் குவியலை எந்த வியாபாரியும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதனால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வருஷம் வைத்திருந்தார்.

கல்யாணம் ஒன்று நடந்தது. கொஞ்ச நாளில் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். யாராவது துக்கம் விசாரிக்கிற குரலில் அதைப் பற்றிக் கேட்டால், "அந்தாளு சாயம் ஒரே அலசுல வெளுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாது. நான் சிரித்தேன். அதனால்தான் எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சாயம் அவள் கைக்கு வந்தது தற்செயலாகத்தான். மகளிர் குழுவுக்கென்று வெளியூர்க்காரர்கள் யாரோ வந்து பத்து நாள் இயற்கைச் சாயம் போடுகிற பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து பதினெட்டுப் பேர் போனோம். டீயும் வடையும் நின்றதும் பதினேழு பேர் வீட்டோடு இருந்துவிட்டோம். இவள் மட்டும் வெள்ளைப் பட்டுத் துணி ஒரு சுருளை வாங்கி வந்து, அண்ணன் வீட்டுக் கொல்லையில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தாள். அத்தோடு ஏலக்காய் மேசைக்குப் போவதும் நின்றது. கழுத்தில் சுற்றிக்கொள்கிற பட்டுத் துண்டு போடப்போகிறேன் என்றாள். ஸ்கார்ப்பு. நானே அந்தச் சொல்லை அப்போதுதான் முதல்முறை உருப்படியாகக் கேட்டேன்.

"இந்த வெயில்ல கழுத்துல பட்டுத் துண்டா? வேர்க்குரு வந்துரும்க்கா" என்றேன்.

"ஒனக்கு யாரு தர்றா? நீ ஓரத்தை மட்டும் மடிச்சுத் தையி."

அப்படித்தான் நானும் உள்ளே விழுந்தேன். அந்தத் துண்டின் ஓரத்தை மிஷினில் அடிக்கக்கூடாது. நூல் கனத்துக்கு விரலால் சுருட்டிச் சுருட்டிக் கையால்தான் தைக்க வேண்டும். ஒரு துண்டுக்கு நான்கு ஓரம். என் கண் போனதற்கு யாராவது காரணம் கேட்டால் கை நீட்டிக் காட்ட எனக்கு ஆள் இருக்கிறது.

அதற்குப் பிறகு போடியில் எந்தக் குப்பையும் குப்பையாக இருக்கவில்லை. பரோட்டாக் கடையில் வெங்காயத் தோல், பழக்கடையில் மாதுளம் தோல், கோயில் வாசலில் வாடின கேந்திப்பூ, அதுதான் மஞ்சள் செண்டுமல்லி. எதைப் பார்த்தாலும் முந்தானை நுனியில் வைத்துக் கசக்கிப் பார்த்துவிடுவாள். அவளுடைய எல்லாச் சேலை முந்தியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை படம் வரைந்த நோட்டு மாதிரி இருக்கும். ஒரு கல்யாணத்துக்கு மலைக்கு மேல் போயிருந்தோம். அந்தப் பக்கம் சாப்பாட்டோடு பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சின வெந்நீர் கொடுப்பார்கள், ரோஜா நிறத்தில் இருக்கும். பந்தியில் எல்லோரும் அதைக் குடிக்கிறோம். இவள் பட்டுச் சேலை முந்தியை டம்ளருக்குள் விட்டு நனைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து இலைக்காரர், "என்ன தாயி, சேலைக்கும் தாகமா?" என்றார். நான் இலையிலேயே தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை, நனைந்ததை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் எஸ்டேட் வேலைக்கு ஆட்களை மலையேற்றிவிட்டு, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். நடுவில் லோடு கிடைத்தால் லோடு. தங்கச்சி என்றால் உயிர். ஆனால் அவள் செய்வது ஒரு வேலை என்று அவர் மனசு ஒப்பவே இல்லை. ஒருநாள் காலையில் கொல்லைப்பக்கம் சத்தம்.

"ஏ ஆத்தா, என் டூல்ஸ் டப்பாவுல கெடந்த பழைய போல்ட்டெல்லாம் எங்க?"

"வெல்லத் தண்ணியில ஊறுதுண்ணே."

"போல்ட்டை எதுக்கு வெல்லத்துல ஊறப்போடுற? பணியாரமா சுடப்போற?"

"துருவுல இருந்து கறுப்பு எடுக்குறேன்."

அவர் சுவருக்கு மேலே எட்டி என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லக்கூடாதா தாயி?" என்றார். என்னத்தைச் சொல்ல? நான் ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன்.

யாராவது வழியில் நிறுத்தி, தங்கச்சி இப்போது என்ன செய்கிறது என்று கேட்டால், "வீட்லதான் சும்மா இருக்கா" என்பார். கெட்ட எண்ணமில்லை. கொல்லையில் இலையும் தோலும் வேகவைக்கிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதை அவள் காதுபடவே சொல்லிவிடுவார். அப்போதெல்லாம் சாயக்கா கரண்டியைக் கொஞ்சம் வேகமாகக் கிண்டுவாள். அவளுக்கு வலித்தது எனக்குத் தெரியும். எனக்கும் கோபம் வரும், ஆனால் அண்ணன் தங்கச்சிக்கு நடுவில் மூக்கை நுழைத்து வாங்கிக் கட்டிக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அண்ணன் சொன்னார்: "ஒரு வருசம் பாரு ஆத்தா. பெரிசா ஒரு ஆர்டர், ஒண்ணே ஒண்ணு, எடுத்து, செஞ்சு, நல்லபடியாக் கைமாத்திக் காட்டு. நான் வாயைத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா மேசைக்குத் திரும்பிப் போயிரணும்." அவள் அவர் உள்ளங்கையில் அடித்துச் சரி என்றாள். கணக்கப்பிள்ளையும், நீ வருகிறாய் என்றால் உன் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஒன்றும் இரண்டுமாகத் துண்டுகள் போயின. பெரிய ஆர்டர் மட்டும் வரவில்லை. வருஷம் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு பெண் போன் செய்தாள். மலை உச்சியில் மெட்டைத் தாண்டி, மலையாளம் பேசுகிற பக்கம் ஏலக்காய் எஸ்டேட். தமிழ்க் குடும்பம்தான், மூன்று தலைமுறையாக மேலே இருப்பதால் பேச்சில் பாதி மலையாளம். அந்தப் பெண்ணுக்கே கல்யாணம். மாப்பிள்ளை போடிக்காரர், ஏலக்காய் வியாபாரக் குடும்பம். கல்யாணத்துக்கு வரும் நெருங்கிய பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பட்டுத் துண்டு கொடுக்க ஆசைப்பட்டாள்.

"சேச்சி, நாப்பது எண்ணம் வேணும். எல்லாம் ஏலக்காப் பச்சை. மனசிலாயோ?"

மலையில் சிக்னல் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அத்தோடு போன் அறுந்தது. சாயக்கா போனைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் என் கையிலிருந்த ஊசி எங்கே போனதென்று இரண்டு நாள் தேடினோம்.

குதித்து முடித்ததும் நான் கேட்டேன். "அக்கா, என்ன பச்சைன்னு கேக்கலையே?"

"அடி போடி. ஏலக்காப் பச்சையை எனக்கா ஒருத்தி காட்டணும்? எட்டு வருசம் இந்தக் கையில அளைஞ்சிருக்கேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போடியில் பிறந்தவளுக்கு ஏலக்காய்ப் பச்சை தெரியாதா?

பச்சை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஒரு மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். "இம்புட்டு மலை பச்சையா நிக்குது புள்ள. ஒரு எலைகூட பச்சைச் சாயம் குடுக்க மாட்டேங்குது" என்று அங்கலாய்ப்பாள். எந்த இலையை வேகவைத்தாலும் பழுப்பு, இல்லாவிட்டால் மஞ்சள். பச்சை வேண்டுமென்றால் முதலில் துணியை மஞ்சளாக்கி, மேலே அவுரி நீலத்தில் முக்க வேண்டும். மஞ்சள் ஒரு மூச்சு கூடினால் கிளிப்பச்சை, நீலம் ஒரு மூச்சு கூடினால் மயில் கழுத்து. அவள் மாதுளம் தோலும் கடுக்காயும் சேர்த்து மஞ்சள் எடுத்தாள், நீலத்தை மோர்ப் பதத்துக்குக் கரைத்தாள், முக்கினாள், அலசினாள், தூக்கிப் பார்த்தாள், மண்டையில் அடித்துக்கொண்டாள். அடுப்பைக் கொதிக்க மட்டும் விடமாட்டாள். "பட்டு கைக்குழந்தை மாதிரி. வெதுவெதுன்னுதான் குளிப்பாட்டணும்" என்பாள்.

ஒருநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். கயிற்றுக் கட்டிலில் ஒரு துண்டை விரித்து வைத்திருந்தாள். "அங்கயே நில்லு. இதுமேல ஏலக்கா கெடக்கு. எத்தனைன்னு சொல்லு."

எண்ணினேன். "ஆறு."

"கிட்ட வா."

கிட்டப் போனால் பத்து. நான்கு காய் துணிக்குள் கரைந்து கிடந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. என் வாயால் யாரையும் லேசில் பாராட்டுகிறவள் இல்லை நான். அன்றைக்கு, "அக்கா, நீ மனுசியே இல்ல" என்றேன். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அதே பச்சையில் நாற்பது துண்டும் போட்டாள். நான் நூற்று அறுபது ஓரம் தைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், அங்கே மேலேயே, எஸ்டேட் வீட்டில். மறுநாள் திங்கட்கிழமையோடு அண்ணன் கொடுத்த வருஷம் முடிகிறது. வெள்ளிக்கிழமை காலையில் துண்டுகளை எடுத்துக்கொண்டு அண்ணன் ஜீப்பிலேயே கிளம்பினோம். பந்தல் அலங்காரத்துக்குப் போடியிலிருந்து நான்கு மூட்டை மஞ்சள் கேந்திப்பூ கொண்டுபோகிற லோடும் அவருக்கே கிடைத்திருந்தது. நாங்கள் பூ மூட்டை மேல் உட்கார்ந்து மலையேறினோம். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. கோயில் தேரில் போகிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், என் பேச்சு காதில் விழவே இல்லை.

கல்யாணப் பெண் வாசலுக்கே ஓடி வந்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். பையைத் திறந்து முதல் துண்டை எடுத்து உதறினாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சேச்சி, இது ஒணக்கக்காயோட நெறமல்லே?"

"என்னம்மா?"

"ஒணங்கின காய். கடையில கெடக்குற காய். நான் சொன்னது பச்சக்காயோட பச்சை. செடியில கெடக்குமில்லே, அது."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் கோபமும் வந்துவிட்டது. "ஏம்மா, ஏலக்காப் பச்சைன்னா ஏலக்காப் பச்சைதான். செடியில இருக்குறதுன்னு வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்? நூத்தி அறுபது ஓரம்மா, என் கண்ணு ரெண்டும் போச்சு" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெண்ணும் விடவில்லை. ஏலக்காய் என்றால் எங்கள் ஊரில் செடியில் கிடப்பதுதான், உலர்த்தி மூட்டை கட்டி அனுப்பிவிட்டால் அதற்குப் பிறகு அதை நாங்கள் பார்க்கிறோமா என்றாள். அவள் சொன்னதும் உண்மை. நாங்கள் போடியில் காய்ந்ததை மட்டும் பார்க்கிறோம். அவர்கள் மேலே செடியில் பார்க்கிறார்கள். நடுவில் உலர்த்துகிற கூடம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஒரே சொல், இரண்டு நிறம்.

அண்ணன் பூ மூட்டையை இறக்கியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது.

சாயக்கா என் தோளைத் தொட்டாள். "சண்டை போடாத புள்ள. தப்பு என்னுது. காட்டச் சொல்லிக் கேக்காமப் போட்டுட்டேன்." என் ஆயுசில் அவள் தப்பு என்னுடையது என்று சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு அந்தப் பெண்ணிடம், "ஒன் பச்சை எங்க இருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போ ஆத்தா" என்றாள்.

வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம். செடி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. காய் மட்டும் தூரில், தரையோடு தரையாகச் சரத்தில் கிடக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்குச் செடிதான் தெரியும். எட்டு வருஷம் ஏலக்காயிலேயே கிடந்தவள் அன்றைக்குத்தான் அதைச் செடியில் பார்க்கிறாள். ஈர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு காயை விரலால் தூக்கிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்! "ஏ புள்ள, இங்க வந்து பாரு. நம்மகிட்ட வர்றதுக்கு முந்தி இது இப்படியா இருந்துச்சு? மஞ்சள்ல முழுகி எந்திரிச்ச பச்சைடி இது" என்றாள். இதைச் சொல்லி முடித்ததும் சட்டென்று எழுந்தாள். தலை மெல்ல வாசல் பக்கம் திரும்பியது. அங்கே நான்கு மூட்டை கேந்திப்பூ.

"ஆத்தா, அந்தப் பூவை எனக்குத் தர்றியா?" என்றாள் கல்யாணப் பெண்ணிடம்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! சமையல்காரர் கல்யாணத்துக்கு அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். "சாம்பார் வைக்கிற அண்டாவுல சாயமா? என் பொணத்து மேலதான்" என்று குறுக்கே நின்றார். பூவும் படிகாரமும்தான் போடப்போகிறேன் என்று சாயக்கா கையைப் பிடித்துக் கெஞ்சி, வெந்நீர் அண்டா ஒன்றை வாங்கினாள். படிகாரம் எப்போதும் அவள் பையிலேயே இருக்கும். தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து, நின்றபடியே பூவை உதிர்க்க ஆரம்பித்தார்கள். கல்யாணப் பெண்ணும் மருதாணிக் கையோடு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு, கேலி. நான் துண்டுகளை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு அண்டாவுக்கு முன்னால் நிற்கிறார், கையில் துடுப்பு.

"கொதிக்கவிடாதண்ணே! விறகை இழு!"

"இழுத்துட்டேன் ஆத்தா. இப்பச் சரியாப் பாரு. இன்னும் வெரசாக் கிண்டவா, மெதுவாவா?"

காய்ந்த பச்சைத் துண்டு மஞ்சளுக்குள் போயிற்று. வெளியே வந்தபோது கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். மழையில் நனைந்த சரத்தை அப்படியே பறித்துத் துணியில் ஒட்டினாற்போல் இருந்தது. சாயக்கா, காய் பறிக்கிற பெண் ஒருத்தியின் கூடையிலிருந்து பச்சைக்காயை அள்ளி அதன்மேல் போட்டுப் பார்த்தாள். நான் எண்ணவே இல்லை. கல்யாணப் பெண் சாயக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மூடுபனி இறங்கிவிட்டதால் வெளியே காயப்போட வழியில்லை. காய் உலர்த்துகிற கூடத்திலேயே, ஏலக்காய்த் தட்டுகளுக்கு மேலே கயிறு கட்டித் துண்டுகளைத் தொங்கவிட்டோம். இருபத்து மூன்று துண்டு முடிந்தபோது பெண்ணின் அம்மா வந்து மீதியிருந்த பூ மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இனி ஒரு பூவுல கை வச்சா பந்தல் மொட்டையா நிக்கும். நான் எந்திரிக்க மாட்டேன்."

பதினேழு துண்டு மீதி, எல்லாம் காய்ந்த பச்சை. கல்யாணப் பெண் இரண்டு பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "அம்மே, நீ எந்திரிக்கவே வேண்டாம்" என்றாள். "பச்சக்காய் எங்க ஆளுங்களுக்கு. ஒணக்கக்காய் மாப்பிள்ளை வீட்டுக்கு. அவங்க கண்ட ஏலக்கா அதுதானே!" நாற்பதும் கைமாறியது. பெண்ணின் அம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை, ஆனால் மூட்டையை விட்டு இறங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம் என்று கிளம்பினோம். எங்கள் இரண்டு பேர் கையும் முழங்கை வரைக்கும் மஞ்சள். அண்ணனுக்கு மீசையிலும் மஞ்சள். நாலைந்து வளைவு இறங்கியிருப்போம், அவர் போன் அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி எடுத்தார். கணக்கப்பிள்ளை. அவர் குரல்தான் ஊருக்கே தெரியுமே, பின்னால் எங்களுக்கும் கேட்டது.

"என்னப்பா, திங்கக்கிழமை தங்கச்சி வருதா? எடத்தை வச்சிருக்கேன். வீட்ல சும்மாதான இருக்கு?"

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சும்மாவா? அவளுக்குத் தலைக்கு மேல சோலி கெடக்குண்ணே. மேசைக்கு வேற ஆளைப் பாருங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வளைவு திரும்பியதும் சாயக்கா என் காதருகே குனிந்தாள்.

"ஏ புள்ள, அண்ணன் என்ன சொன்னாரு?"

"கேட்டுட்டுத்தானக்கா இருந்த?"

"கேட்டேன். நீயும் ஒருக்கா சொல்லு."

"உனக்குத் தலைக்கு மேல சோலி கெடக்குதாம்" என்றேன்.